நோயுற்ற நாளின் கூலி

(சங்கத்தின் வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"கல்வியும் சமுதாய முன்னேற்றமும்" என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு விழாக்குழுவினர் எனக்கு எழுதியிருந்தனர். அத்தலைப்பில் நான் பல மேடைகளில் பேசிவிட்டேன். பேசிப் பேசி அச்சொற்கள் என் வாயில் தேய்ந்து போயின. ஆகவே குழுவினரின் இசைவைப் பெற்று வேறொரு பொருளைப் பேச வந்துள்ளேன். முதலில் அது கல்விக்குத் தொடர்பில்லாதது போலத் தோன்றும். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று பள்ளிச் சுவர்கள்தோறும் எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் பயிற்சிக்கும் அதனையே கொடுக்கிறோம். அச்செல்வம் கைவிட்டுப் போன அன்று, அடுப்பு எரிவதற்கு என்ன வழி என்பதை மட்டும் நாம் எந்தச் சுவரிலும் எழுதவில்லை. அன்றாடம் உடலை விற்று உண்ணும் நம் மக்களுக்கு உடலைத் தவிர வேறு நிலபுலம் ஏது? அந்நிலம் வறண்டால் குடும்பம் முழுவதும் வறளும். குடும்பம் வறண்டால் முதலில் நிற்பது பிள்ளையின் படிப்பு. என் முப்பதாண்டுப் பணியில் இடையில் நின்ற மாணவர்களின் வீடுகளுக்கு நேரிற் சென்று கேட்டிருக்கிறேன். "படிப்பில் நாட்டமில்லை" என்று ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். வீட்டிற்குள் நுழைந்தால் ஒரு மூலையில் தந்தையோ தாயோ பாயிற் கிடப்பார்கள்.

1998ஆம் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அது என் தவற்றைப் பற்றிய செய்தி. ஆதலால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் அப்போது ஆசிரியப் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எங்கள் தெருவில் எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் இருந்தார். தோல் பதனிடும் ஆலை ஒன்றிற் பதினோராண்டுகள் உழைத்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்து மேலே போடுவது அவர் வேலை. நீரும் சுண்ணாம்பும் ஏறிய மாட்டுத்தோல் என்ன பாரம் இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியவர்கள் இம்மன்றத்தில் இல்லை. அவருக்கு மாலை தோறும் காய்ச்சல் கண்டது. இருமல் நிற்கவில்லை. அரசு மருத்துவமனையிற் காசநோய் என்றார்கள். மருந்தை இலவசமாகவே கொடுத்தார்கள். மருந்தை யாரும் குறை சொல்ல முடியாது. அதை வெறும் வயிற்றில் விழுங்குவது எப்படி என்பதுதான் அவர் வீட்டின் கவலை. ஆலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. இரண்டு மாதத்தில் அண்ணியின் தாலிச்சரடும் அடகிற்குப் போயிற்று. எட்டாம் வகுப்பிற் படித்த மூத்த மகன் மிதிவண்டிக் கடைக்கு வேலைக்குப் போனான். அவன் என் வகுப்பு மாணவன்.

ஒருநாள் அண்ணன் என்னை அழைத்து, "தம்பி, நீ எழுதினால் கலெக்டரே மனம் இளகுவார். ஒரு மனு எழுதிக் கொடு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரவு முழுதும் விழித்து மூன்று பக்கம் எழுதினேன். 'ஏழையேன்', 'கருணை கூர்ந்து', 'தங்கள் பொற்பாதங்களை' என்றெல்லாம் எழுதினேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவரைத் தோளில் தாங்கிச் சென்று கொடுத்தோம். அம்மனு மாவட்ட அலுவலகத்திலிருந்து வட்ட அலுவலகத்திற்கும், அங்கிருந்து கிராம நிருவாக அலுவலருக்கும் நடந்தது. ஏழு மாதம் கழித்து, முதியோர் உதவித்தொகை பெறுவதற்குரிய வயது மனுதாரருக்கு இல்லை என்று ஒருவரிக் குறிப்புடன் திரும்பியது. அதற்குள் அவர் பாதி மருந்திலேயே நிறுத்திவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தார். பசி அவரைத் திருப்பி அனுப்பியது. மறு ஆண்டு அவர் இறந்து போனார்.

கருமாதி முடிந்த பின் அண்ணி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, "இதில் ஏதாவது பயன்படுமா பாருங்கள், தம்பி" என்றார். ரேஷன் அட்டைக்கு அடியில் ஈ.எஸ்.ஐ. அட்டை ஒன்று கிடந்தது. சம்பளச் சீட்டுகளும் இருந்தன. பதினோராண்டும் அவர் கூலியிற் காசு பிடித்திருக்கிறார்கள். நகரத்திலிருந்த மூத்த தொழிற்சங்கத் தோழர் ஒருவரிடம் அவற்றைக் காட்டினேன். அவர் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்து நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இவர் காசநோய்க்கு நெடுங்காலப் பணம் வாங்கியிருக்கலாமே, வாத்தியாரே! ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் ஏன் அழைத்துப் போகவில்லை?" என்று கேட்டார். அவர் கேட்ட அக்கேள்வியைக் கேட்கப் பட்டப்படிப்பு வேண்டுவதில்லை. பி.ஏ., பி.எட். படித்த எனக்கு அது தோன்றவில்லை. மனுவின் படி இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

என் பிழை எதுவென்று பிற்காலத்தில் எண்ணிப் பார்த்தேன். அவர் தமக்கு உரியதைக் கேட்க வேண்டியவர். நான் அவரைப் பிறர் இரக்கத்தைக் கேட்க வைத்துவிட்டேன். இரக்கத்தைக் கேட்டமையால் மனு இரக்கத்திற்குரிய அலுவலகங்களுக்கே சென்றது. உரியதைத் தர வேண்டிய அலுவலகம் பக்கத்துத் தெருவில் இருந்தது.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் உறுப்பை இளைஞர்கள் ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டும். வேலையின்மை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய காலங்களிற் குடிமக்கள் அரசின் உதவியைப் பெறும் உரிமைக்கு, அரசு தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு வழிசெய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. 'நோய்' என்னும் சொல் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாதலால் இதனை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. 37ஆம் உறுப்பு அவ்வாறு கூறுகிறது. எனினும் அந்நெறியை நிறைவேற்ற இயற்றப்பட்ட சட்டங்களைக் காட்டி வழக்காடலாம்.

அச்சட்டங்களுள் முதன்மையானது தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம். நம் மக்கள் வாயில் வழங்கும் ஈ.எஸ்.ஐ. இதற்கும் நம் தலைவருக்கும் உள்ள தொடர்பை மேடைகளில் எவரும் சொல்வதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்து வந்தார். அக்காலத்திலேயே, 1943இல், பேராசிரியர் அடார்கர் தொழிலாளரின் நோய்க்காலக் காப்பீட்டைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை தரும்படி அமர்த்தப்பட்டார். 1944இல் அவருடைய அறிக்கை வந்தது. அதன் வழியில் 1948இற் சட்டம் பிறந்தது. 1952இற் கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கிற்று. இன்று அது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கியுள்ளது. அண்ணலின் சிலைக்கு ஏப்ரல் 14ஆம் நாள் மாலையிடும் நாம், அவர் துறையில் முளைத்த திட்டத்தின் அட்டையைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி பெறும் ஒருவர் மாதம் 26 நாள் வேலை செய்தால் 13,000 ரூபாய் ஆகிறது. 2019 சூலையில் வகுத்த விகிதப்படி, அவர் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு முக்கால் ரூபாய், அதாவது ஏறத்தாழ 98 ரூபாய் பிடிக்கப்படும். ஆலை உரிமையாளர் நூற்றுக்கு 3 ரூபாய் 25 காசு தம் பங்காகச் செலுத்த வேண்டும். இவ்வாறு செலுத்தி வந்தவர் நோயுற்று, ஈ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வுச் சான்று கொடுத்தால், ஆண்டில் 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். நாளைக்கு 350 ரூபாய். 91 நாளுக்கு 31,850 ரூபாய். நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் இல்லை. காசநோய், தொழுநோய், புற்றுநோய், சில மனநோய்கள் உள்ளிட்ட 34 நெடுநோய்களுக்கு இன்னும் நீண்ட பயன் உண்டு. இரண்டாண்டு இடைவிடாத வேலையும் அதற்குரிய சந்தா நாட்களும் இருந்தால், கூலியில் நூற்றுக்கு 80 பங்கு வீதம் இரண்டாண்டு வரை பெறலாம். 500 ரூபாய்க் கூலிக்காரருக்கு முப்பது நாளைக்கு 12,000 ரூபாய் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். அண்ணன் காலத்தில் விகிதம் வேறாக இருந்திருக்கலாம். ஆயினும் அப்பணம் அவர் மகனைப் பள்ளியில் இருத்தியிருக்கும்.

இதிலே நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உள்ள ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான், அடுத்த சனவரி முதல் சூன் வரை நோய்ப்பயன் கேட்க முடியும். அக்டோபர் முதல் மார்ச்சு வரை கட்டியது அடுத்த சூலை முதல் திசம்பர் வரைக்கும் உதவும். 78 என்பது ஆறு மாதத்தில் ஏறத்தாழப் பாதி வேலை நாள். ஆகவே, 26 நாள் வேலை வாங்கிக்கொண்டு ஏட்டிற் பத்து நாள் என்று எழுதும் மேஸ்திரி, வெறும் கணக்கைக் குறைக்கவில்லை. நாளை வரப்போகும் நோயின் சோற்றை இன்றே எடுத்துக்கொள்கிறார். சம்பளச் சீட்டை மாதந்தோறும் வாங்கிப் பார்ப்பது ஏன் இன்றியமையாதது என்பது இப்போது விளங்கும். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவருக்கும் இத்திட்டம் உண்டு. உரிமையாளர் சந்தா கட்டத் தவறியதனால் தொழிலாளியின் பயன் குறைந்தால், கழகமே தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற விதி 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. "உனக்குக் கட்டவில்லை, போ" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

வேலையினால் வந்த நோய்க்கும் காயத்திற்கும் விதி இன்னும் தாராளமானது. நூற்றுக்கு 90 பங்கு. 78 நாள் கணக்கும் வேண்டா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் இயந்திரத்திற் கை சிக்கினாலும் உண்டு. குரோமியத்தாலும் அதன் நச்சுச் சேர்மங்களாலும் வரும் நோய்கள் தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று வாழும் நம் மக்களுக்கு இதனினும் நெருங்கிய செய்தி உண்டா? கைத்தோல் வெடித்துப் புண்ணானவர்களை, "அது தோல் ஷாப்பில் எல்லோருக்கும் வருவதுதான்" என்று சொல்லியே தேற்றிவிடுகிறோம். எல்லோருக்கும் வருகிறது என்பதுதான் அது தொழிலால் வந்த நோய் என்பதற்கு அடையாளம்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர் நிலை என்ன என்று கேட்பீர்கள். நம்மிற் பெரும்பாலோர் அவ்வகையினரே. இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் மக்களுக்கு ஆதிதிராவிடர் நல அலுவலகம் நன்கு தெரியும். கல்வி உதவித்தொகை, விடுதி, மனைப்பட்டா என்று அங்கே போய்ப் பழகியிருக்கிறோம். நோய்க்கால உதவிகள் பெரும்பாலும் அங்கே இல்லை. அவை வருவாய்த் துறையிலும் தொழிலாளர் துறையிலும் சிதறிக் கிடக்கின்றன. சாதிச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவ்வலுவலகங்களின் கதவைத் தட்டாமல் இருந்துவிட்டோம். ஊரிலுள்ள மற்றவர்கள் தட்டினார்கள், பெற்றார்கள்.

வயலில் கூலி வேலை செய்வோருக்கு முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. 2011இல் வகுக்கப்பட்டது. 'உழவர்' என்ற பெயரைக் கேட்டதும் அது நிலமுள்ளவர்க்கு என்று நம்மவர் ஒதுங்கிவிடுகிறார்கள். நிலமற்ற விவசாயக் கூலிகளும் அதில் உறுப்பினராகலாம். காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு முதலிய நோய்களுக்குச் சிகிச்சை பெறுங்காலத்தில், தற்காலிக இயலாமைக்காக மாதம் 1,000 ரூபாய் என அதில் வகுத்திருக்கிறார்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திற் கேட்க வேண்டும். தொகை சிறிதுதான், அதனை நான் பெரிதென்று புகழப் போவதில்லை. ஆயினும் மாதம் ஆயிரம் ரூபாய் என்பது இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றின் விலையை ஒட்டியது. காசநோயாளிக்கு இது தவிர ஊட்டச்சத்துக்கென்று மத்திய அரசு தருவதும் உண்டு. 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வங்கிக் கணக்கிற்கே வரும். கணக்கு எண்ணைச் சிகிச்சை தொடங்கும்போதே கொடுக்க வேண்டும்.

கட்டடத் தொழிலாளர்க்கு 1994 முதல் நலவாரியம் உண்டு. தோல் பதனிடுவோர்க்கும் காலணி செய்வோர்க்கும் தனி வாரியம் உண்டு. தூய்மைப் பணியாளர்க்கு 2007இல் வாரியம் அமைந்தது. அதனைத் தாட்கோ வழியே அணுகலாம். இவ்வாரியங்களில் நோயுற்ற பின்னர்ப் பதியப் போவது, மழை பெய்யும்போது கூரை வேயப் புறப்படுவது போன்றது. உடல் நன்றாக இருக்கும்போதே பதிந்து, புதுப்பிக்க வேண்டிய நாளிற் புதுப்பிக்க வேண்டும். வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருத்தல் நலம். பணிக்காலத்தில் நிலையாகவும் முழுமையாகவும் உழைக்க இயலாத நிலை வந்தால், பத்தாண்டுப் பணி நிறைந்திராவிட்டாலும், ஒரு மாதச் சந்தாவே இருந்தாலும், 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் இயலாமை ஓய்வூதியம் கேட்கலாம்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கு எல்லாம் இருக்கிறது, சார்" என்பவர்களையும் பார்க்கிறேன். அது நல்ல திட்டம். அறுவைச் சிகிச்சையின் செலவை மருத்துவமனைக்குக் கொடுத்துவிடும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூன்று மாதம் வீட்டிற் கிடக்கும்போது உப்புக்கும் புளிக்கும் அது கொடுக்காது. மருத்துவச் செலவு வேறு, இழந்த கூலி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் வீட்டுக்கு வந்த நோயாளி கந்துவட்டிக்காரரிடம் செல்கிறார்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கு 1974இலும் ஆதரவற்ற விதவையர்க்கு 1975இலும் தனித் திட்டங்கள் வந்தன. 2023ஆம் ஆண்டில் முதியோர்க்கு 1,200 ரூபாயாகவும் மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500 ரூபாயாகவும் உயர்ந்தன. மாற்றுத்திறனாளி என்று சான்று பெறுவதற்கு, 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழே இருந்தன. பார்க்கின்சன் நோயும் தாலசீமியாவும் இப்போது அதில் அடங்கும். எனினும் என் மனத்திற் பட்டதை மறைக்காமற் சொல்கிறேன். இதயம் தளர்ந்தவனும் சிறுநீரகம் பழுதுபட்டவனும் அப்பட்டியலில் இல்லை. கால் இழந்தவனைச் சட்டம் காண்கிறது. மூச்சு இழந்தவனை இன்னும் காணவில்லை. இதனைக் கேட்டுப் பெறுவது நம் இயக்கங்களின் வேலைத்திட்டத்தில் ஏற வேண்டும்.

வெளியே தெரியாத நோயின் துன்பம் பெரிது. "நன்றாகத்தானே நடந்து போகிறான், சோம்பேறி" என்று தெரு பேசும். தெருவின் பேச்சை விட்டுத் தள்ளலாம். மருத்துவர் முன் நம்மவர் நடந்துகொள்ளும் முறைதான் என்னை வருத்துகிறது. "நடக்க முடிகிறதா?" என்று மருத்துவர் கேட்டால், கைகட்டி நின்று, "முடிகிறதுங்க ஐயா, உங்கள் புண்ணியத்தில் பரவாயில்லை" என்கிறார்கள். பெரியவர் முன் குறை சொல்லலாகாது என்ற பழைய அச்சமும், உழைத்துத் தின்ற கை என்ற மானமும் சேர்ந்து அவ்வாறு பேச வைக்கின்றன. மருத்துவர் "நடக்க முடிகிறது" என்று எழுதிவிடுகிறார். அதன் மேல் எந்த மனுவும் நிற்காது. பொய் சொல்லும்படி நான் எவரையும் தூண்டவில்லை. உண்மையை முழுமையாகச் சொல்லுங்கள் என்கிறேன். எவ்வளவு தொலைவு நடந்தால் மூச்சு வாங்குகிறது? ஒரு குடம் நீர் தூக்கிய மறுநாள் எழ முடிகிறதா? மாதத்தில் எத்தனை நாள் படுக்கை? நல்ல நாளை மட்டும் சொல்லிவிட்டுக் கெட்ட நாளை விழுங்கிவிடக் கூடாது. நோயாளியால் நினைவில் வைக்க இயலாது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியிட்டு எழுதி வரலாம். தமிழ்க் கட்டுரைக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

என் பழைய மாணவி ஒருத்தி காலணி ஆலையில் மேற்புறம் தைக்கும் வேலையில் இருந்த தன் தாய்க்கு இப்படித்தான் செய்தாள். தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்திலேயே அவள் என்னிடம் வந்து, "சார், மனு எழுதித் தர வேண்டா. ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் எங்கே என்று மட்டும் சொல்லுங்கள்" என்றாள். ஓய்வுச் சான்று ஒவ்வொன்றையும் நாள் தவறாமல் கொண்டு சேர்த்தாள். ஒருமுறை பணம் நின்றபோது, ஏன் நின்றது என்று தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்டாள். தொகை மீண்டும் வந்தது. அவள் தம்பி படிப்பை நிறுத்தவில்லை. இன்று அவன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. அப்பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நான் நடத்திய பாடத்திற் சராசரி மாணவிதான்.

அரசுப் பணியில் இருப்போர்க்கு ஒரு சொல். பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்டுவிட்டது என்பதற்காக அரசு நிறுவனம் ஒருவரைப் பணிநீக்கம் செய்யவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது; அவ்வேலைக்கு இயலாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும்; வேறிடம் இல்லையேல் கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்துக்கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. முன்பு 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவாக இருந்தபோது, 2003இல் குணால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. ஆதலின், நோயுற்றதும் "விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடு" என்று யாரேனும் அன்பாகச் சொன்னாலும், சட்டம் அறிந்த ஒருவரைக் கேளாமல் கையெழுத்திடாதீர்கள். நகராட்சிகளில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கும் நம் சகோதரிகளுக்கு இப்பாதுகாப்பு எளிதில் எட்டுவதில்லை என்பதையும் வேதனையோடு குறிப்பிடுகிறேன்.

மானத்தைப் பற்றிச் சொன்னேன். அதனை நான் இகழவில்லை. எவரிடமும் கைநீட்டக் கூடாது என்று நம் முன்னோர் வளர்த்த பண்பு அது. பண்ணையார் வீட்டுக் கொல்லையிற் கூழுக்கு நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு அலுவலகச் சன்னலில் நிற்பதும் அதே நிலையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் கொல்லையில் நின்றவரிடம் அட்டை இல்லை. சந்தா எண் இல்லை. மறுத்தால் மேல்முறையீடு இல்லை. சன்னலில் நிற்பவரிடம் இவை மூன்றும் உண்டு. அங்கே நிமிர்ந்து நிற்கலாம். மனுவில் 'பொற்பாதம்' வேண்டா; பெயர், எண், நோய் கண்ட தேதி, எந்த விதிப்படி என்ன கேட்கிறோம், இவ்வளவே போதும். கொடுத்த மனுவிற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். நேரிற் கொடுக்க இயலாவிட்டால் விரைவு அஞ்சலில் அனுப்பலாம். பழைய பதிவுத் தபால் 2025இல் அதனோடு இணைந்துவிட்டது. பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோர்க்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் விடை தர வேண்டும்.

வழக்கு என்றால் வக்கீலுக்குப் பணம் வேண்டுமே என்று அஞ்ச வேண்டா. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினர் அனைவரும் வருமானக் கணக்கு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அவ்வாணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். நம் சமுதாயத்தில் மெத்தப் படித்தவர்களிடம்கூட இதைச் சொன்னால் வியப்படைகிறார்கள்.

நோயாளி அலைய முடியாதவர். அலைய முடியுமானால் அவர் வேலைக்கே போயிருப்பார். ஆகவே நம் சட்டங்கள் நோயாளிக்கு வைத்திருக்கும் நடையையெல்லாம் வேறொருவர் நடக்க வேண்டியிருக்கிறது. அவ்வேறொருவர் யார் என்று இச்சங்கத்தின் செயற்குழுவைக் கேட்டேன். பதினொரு இளைஞர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தெருவுக்கு இருவர். எவர் வீட்டில் எவர் வேலைக்குப் போகவில்லை என்பதை அவர்கள் வாரம் ஒருமுறை விசாரிப்பார்கள். அப்பதினொருவருள் ஒருத்தி, நான் முதலிற் சொன்ன மிதிவண்டிக் கடைச் சிறுவனின் மகள். தன் பாட்டனாரின் அட்டை எண்ணை அவள் தன் நோட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். நான் எழுதச் சொல்லவில்லை.

மதிய உணவிற்குப் பின் கிழக்குத் தாழ்வாரத்தில் இரண்டு மேசைகள் போடப்பட்டிருக்கும். ஈ.எஸ்.ஐ. அட்டை உடையவர்கள் அட்டையையும் கையிலுள்ள சம்பளச் சீட்டுகளையும் கொண்டு வாருங்கள். சந்தா நாட்களை எண்ணிப் பார்ப்போம். வயல்வேலை, கட்டட வேலை செய்வோர் குடும்ப அட்டையையும் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டு வரலாம். நோய் இன்னதென்று பலர் முன் சொல்லக் கூசுவோர்க்காக உள்ளறை ஒன்றை ஒதுக்கியிருக்கிறோம். அங்கே பெண்களுக்கு ஆசிரியை இருவர் இருப்பார்கள். நான் மாலை ஐந்து மணி வரை இங்கேயே இருப்பேன்.